முட்டை சாண்ட்விச் தீர்ந்துபோன மதியம்

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் 'சமையக்கட்டு அக்கா'. படித்தது தொழில்வழிச் சிகிச்சை, அதாவது ஆக்குபேஷனல் தெரபி. வேலை, சாப்பாட்டைக் கண்டாலே நடுங்குகிற பிள்ளைகளோடு. அடுப்பு பற்றவைக்க, கடைக்குப் போக, நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட என்று, நோய் பிடுங்கிக்கொண்ட அன்றாடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டுக் கொடுப்பாள்.

"வெங்காயம் வெட்டச் சொல்லிக் குடுக்கவா இத்தனை வருஷம் படிச்ச?" என்று அவள் அண்ணன் கேலி செய்வான்.

"நீயும் வந்து சேருண்ணே, அண்ணி சந்தோஷப்படுவாங்க" என்பாள்.

அந்த வார்டில் ஒரு கல்லூரிப் பெண் இருந்தாள். எடைபோடாமல் எதையும் தொடமாட்டாள். 'தராசு' என்று தனக்குத் தானே பட்டம் வேறு வைத்துக்கொண்டாள். சமையலறையில் அக்கா எடைக்கருவியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிய அன்று, கரண்டியை விட்டெறிந்துவிட்டுப் போனாள். மறுநாள் அவளே வந்தாள். அழுதுகொண்டே கண்ணளவில் சூப் வைத்தாள். ஒரே உப்பு. இருவரும் முகத்தைச் சுளித்தபடி குடித்து முடித்தார்கள். அன்றுதான் அந்தப் பெண் சிரித்து அக்கா பார்த்தாள்.

உடம்பு கொஞ்சம் தேறி, டாக்டரும் சரி என்ற பிறகு, வெளியே சாப்பிடும் பயிற்சி. இடம் அவள் படிக்கும் கல்லூரி கேன்டீன். முட்டை சாண்ட்விச் என்று அவளே முடிவு செய்து, வாரம் முழுக்க மனதைத் தயார் செய்திருந்தாள்.

"முட்டை தீர்ந்துடுச்சும்மா. சீஸ்தான் இருக்கு" என்றார் கவுண்டர்காரர்.

திட்டம் மாறினால் இந்தப் பிள்ளைகள் ஆடிப்போய்விடுவார்கள். 'திரும்பிடலாமா' என்று வாய்வரை வந்த கேள்வியை அக்கா விழுங்கிக்கொண்டாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. பெண்ணின் விரல்கள் கவுண்டர் விளிம்பைப் பிடித்து வெளுத்திருந்தன.

"அப்போ... சீஸே குடுங்க."

மென்றாள், நிறுத்தினாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி மென்றாள். அக்கா தன் பங்கைச் சாப்பிட்டபடி, பக்கத்து மேஜைக் காதலர்களின் சண்டையைக் கிசுகிசுப்பாக வர்ணித்துக்கொண்டிருந்தாள். கடைசித் துணுக்கும் உள்ளே போனதும் பெண் காலித் தட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"அக்கா, இது நான் யோசிச்சே வைக்காத சாப்பாடு!"

"அடி என் ராணி!" என்று அக்கா போட்ட சத்தத்தில் கேன்டீனே திரும்பிப் பார்த்தது.

வாசலில் பெண்ணின் அப்பா காரோடு நின்றிருந்தார். ஒரு வருஷமாக அந்த வீட்டில் யாரும் கேட்கத் துணியாத கேள்வி அவர் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது.

"சாப்பிட்டியாம்மா?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சாப்பிட்டேம்ப்பா. நல்லாவே இருந்துச்சு. நீங்க?"

"இல்லம்மா... பயத்துல எதுவும் இறங்கல."

"நல்ல கதை! காரைப் பூட்டுங்க, வாங்க. சீஸ் தீந்துடப்போகுது."

அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். அக்காவும் பின்னாலேயே போனாள். அவளுக்கு இப்போதுதான் பசியே எடுத்தது.