நெருப்பை அணைத்த குற்றம்

காட்டைக் காப்பாற்றுவது பற்றி யாராவது மேடையில் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து வெளியே வந்துவிடுவேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள் இப்படிச் செய்யலாமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். காட்டின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. காட்டைக் காப்பாற்ற வருகிறவர்கள் மேல்தான் கோபம், அது தீருவதாகவும் இல்லை.

எங்கள் லயம், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள், லிந்துலைப் பக்கம். தேயிலை முடிகிற இடத்தில், லயத்துக்கு மேலே, பைனஸ் காடு தொடங்குகிறது. அதை நட்டதும் அரசாங்கம்தான். ஊசி ஊசியாக உதிர்கிற அந்தச் சருகு மாசி வெயிலில் ஒரு பீடித் துண்டு விழுந்தாலே பற்றிக்கொள்ளும். முன்பெல்லாம் எங்கள் பெண்கள் அதை வாரிக் கொண்டுவந்து மாட்டுத் தொழுவத்தில் பரப்புவார்கள், அடுப்புப் பற்றவைப்பார்கள். காய்ந்த கிளையெல்லாம் விறகாகிவிடும். பிறகு சட்டம் இறுகியது. காட்டிலிருந்து ஒரு குச்சியும் எடுக்கக் கூடாதாம். சரி, எடுக்கவில்லை. அப்படியானால் நீங்களாவது வந்து கூட்டி அள்ள வேண்டாமா? அதுவும் இல்லை. சருகு முழங்கால் உயரத்துக்கு ஏறிக் கிடந்தது. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பது இதுதான்.

காட்டுத்தீயைத் தடுப்பது பற்றிச் சொல்லிக்கொடுக்க வன இலாகா அதிகாரி ஒருவர் ஒருநாள் காலைப் பெரட்டுக்கு வந்தார். அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்க ஆட்கள் கூடுகிற இடத்தில் நின்றுகொண்டு, தீ வைப்பதெல்லாம் தோட்டத்து ஆட்கள்தான் என்று சிங்களத்தில் ஆரம்பித்தார். டவுனில் ஆட்டோ ஓட்டுவதால் என் தம்பிக்குச் சிங்களம் நன்றாக வரும். அவனையே தமிழில் சொல்லச் சொன்னார்கள்.

"நெருப்பு விசயத்துல கவனமா இருங்கன்னு சொல்றாரு," என்று அவன் மாற்றிச் சொன்னான். நானாக இருந்தால் உள்ளதை உள்ளபடியே சொல்லியிருப்பேன். அவன் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை.

அப்போது தம்பிக்குக் குவைத்தில் லொறி ஓட்டுகிற வேலை சரிவந்திருந்தது. விசா தயார். அவன் மேல் குற்றம் எதுவும் இல்லை என்கிற பொலிஸ் ரிப்போட் ஒன்றுதான் பாக்கி. அவன் போய்ச் சேர்ந்துவிட்டால் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிடலாம் என்று நாங்கள் மூன்று பேரும் அந்த ஒரு ரிப்போட்டையே நம்பிக்கொண்டிருந்தோம்.

அந்த மாசியிலேயே காடு பற்றியது. நல்ல பகல், காற்று லயத்தைப் பார்த்து அடித்தது. பெரட்டில் மாற்றிச் சொன்ன அன்று அதிகாரி கொடுத்துப் போன நம்பருக்குத் தம்பி போன் செய்தான். வண்டி வருகிறது என்றார்கள். வண்டியை நம்பி உட்கார்ந்திருந்தால் லயம் சாம்பலாகியிருக்கும். கவ்வாத்து மலையில் தேயிலை வெட்டிக்கொண்டிருந்த ஆண்கள் கையிலிருந்த கத்தியோடு அப்படியே ஓடினார்கள். நெருப்புக்கும் லயத்துக்கும் நடுவில் புதரையும் சின்ன பைனஸ் கன்றுகளையும் வெட்டி இழுத்துப் போட்டு, சருகைச் சுரண்டி, அகலமாக ஒரு பாதை எடுத்தார்கள். பெண்கள் ஈரச் சாக்கால் அடித்தார்கள். தம்பி கத்தியைத் தொடவே இல்லை. பீலியில் தண்ணீர் பிடித்துச் சுமந்தான். நெருப்பு வெட்டிய பாதை வரைக்கும் வந்து, தின்ன ஒன்றும் இல்லாமல் அடங்கியது.

எல்லாம் முடிந்த பிறகு வண்டி வந்தது. அதே அதிகாரி இறங்கினார். எரிந்த இடத்தை ஒருமுறை பார்த்தார், வெட்டிக் கிடந்த கன்றுகளை நின்று பார்த்தார். பிறகு கொப்பியை எடுத்து, இதையெல்லாம் வெட்டியது யார் என்று கேட்டார்.

வேறு ஊரென்றால் கூட்டம் பின்வாங்கியிருக்கும். எங்கள் ஆட்கள் முண்டியடித்துக்கொண்டு முன்னால் போனார்கள். தோட்டத்தில் வேலை முடிந்த இடத்தில் ஒருவர் கொப்பியோடு நின்றால் முதலில் பெயரைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாதவனுக்கு அன்றைய சம்பளம் இல்லை. தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். அரசாங்கக் காட்டில் பாடுபட்டதற்கு அரசாங்கம் ஏதோ தரப்போகிறது என்று நினைத்துவிட்டார்கள்.

"நாந்தாங்க மாத்தயா."

"என்னையும் எழுதிக்கிருங்க."

ஓரமாக நின்ற தம்பியை அம்மா பிடித்துத் தள்ளினாள். "ஏன்டா நிக்கிற? போய்ப் பேரச் சொல்லு."

"நான் வெட்டலியேம்மா."

"தண்ணி சொமந்தது மட்டும் சும்மாவா? எல்லாம் ஒரே வேலதான்."

அவனும் சிரித்துக்கொண்டே போய்ச் சொல்லிவிட்டான். நான் பள்ளிக்கூடம் விட்டு ஏறி வந்தபோது எல்லாரும் கரி முகத்தோடு சந்தோஷமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

வந்தது சம்பளம் அல்ல, கோர்ட்டுக் கட்டளை. பாதுகாக்கப்பட்ட காட்டில் மரம் வெட்டிய குற்றம். நல்லதுக்குக் காலமில்லை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டு விட்டுவிடுவார்கள். என்னால் அப்படி விட முடியவில்லை. ஒத்துக்கொண்டு குற்றப்பணம் கட்டினால் அன்றோடு முடிந்துவிடும் என்றார் வக்கீல். மற்றவர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

தம்பி வக்கீலிடம் கேட்டான்: "ஒத்துக்கிட்டா பொலிஸ் ரிப்போட்டுல குத்தவாளின்னு விழும். ஒத்துக்காட்டி கேஸு முடியிற வரைக்கும் ரிப்போட்டே கெடைக்காது. அப்பிடித்தானுங்களே?"

வக்கீல் ஆமாம் என்றார்.

"அப்ப ஒத்துக்க மாட்டேங்க. நான் நெருப்பத்தான் அணைச்சேன்."

கேஸ் தவணைக்கு மேல் தவணையாகத் தள்ளிப் போனது. குவைத் வேலைக்கு வேறு யாரோ போய்விட்டார்கள். அம்மா இன்னும் கூடையோடுதான் மலை ஏறுகிறாள். அவனைத் தள்ளிவிட்ட கையைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நாங்களும் பேசுவதில்லை. இதற்கிடையில் எங்கள் பள்ளிக்கூட மண்டபத்திலேயே ஒரு கூட்டம் வைத்து, தங்கள் துரித நடவடிக்கையால் பைனஸ் காடு பெரும் தீயிலிருந்து தப்பியது என்று அந்த அதிகாரி கூசாமல் பேசினார். முன்வரிசையில் கைதட்டினார்கள். நான் கதிரையைச் சத்தம் வர இழுத்துவிட்டு வெளியே வந்தேன்.

இந்த மாசியிலும் பற்றியது. ஞாயிற்றுக்கிழமைப் பகல், எல்லாரும் லயத்தில்தான் இருந்தோம். இந்தத் தடவை காற்று மேல்நோக்கி அடித்தது. ஆண்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தம்பியின் போன் அடித்தது. அதே அதிகாரி. ஆட்களைக் கூட்டிக்கொண்டு கத்தியோடு உடனே மேலே போ, நாங்கள் வந்துகொண்டிருக்கிறோம் என்று அவர் கத்தியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. தம்பி முழுவதையும் கேட்டான். சரி மாத்தயா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தான். கொடியில் காய்ந்த துணிகளைப் புகை படாமல் உள்ளே எடுத்துப் போட்டான். ஜன்னலை அடைத்தான், கதவைச் சாத்தினான், வந்து உட்கார்ந்தான்.

"போகலியாடா?" என்று அம்மா கேட்டாள்.

"கேஸு முடியட்டும்மா," என்றான்.

பொழுது சாயும் வரை காடு எரிந்தது. எங்கள் லயத்திலிருந்து ஒருவரும் போகவில்லை.