தைலக்காவின் நாலு தட்டு

டிசம்பர் பிறந்துவிட்டால் கடலூரில் அந்தப் பாட்டிடமிருந்து யாரும் தப்ப முடியாது. ஜவுளிக்கடை வாசலில் ஓடும், பஸ்ஸில் ஓடும், பக்கத்து வீட்டுப் பையனின் போன் மணி அதுவாகத்தான் இருக்கும். சிதம்பரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில், மாப்பிள்ளை பெண் இரண்டு பேருமே இந்துக்கள், அங்கேயும் மேளக்காரர்கள் அதைத்தான் வாசித்தார்கள். துபாயில் கிறிஸ்மஸுக்கு வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் போகிற நம் பிள்ளைகளும் அதைத்தான் பாடுகிறார்களாம்.

கதவத் தொறந்து வையுங்க – நம்ம
தெருவத் தேடி வர்றாரு
வெளக்க ஏத்தி வையுங்க – நம்ம
வீட்டுப் புள்ள வர்றாரு
யாரு வர்றாரு?

இந்த இடத்தில் பதில் வராது. நாலு கைத்தட்டல் வரும். பிறகு பாட்டு மறுபடியும் மேலே போகும். அந்த நாலு தட்டுக்காகவே குழந்தைகள் பாட்டு முழுவதும் காத்துக்கொண்டிருக்கும்.

ஏன் நாலு தட்டு என்று ஆளாளுக்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். ஒரு போதகர், நாலு தட்டு என்றால் நாலு சுவிசேஷம் என்று பிரசங்கமே செய்தார். இன்னொருவர், அந்த நாமம் மனித வாயால் சொல்லக் கூடாத அளவு பரிசுத்தமானது, அதனால்தான் தட்டுகிறோம் என்றார். யூடியூபில் ஒரு தம்பி, வெள்ளைக்காரர் காலத்து மாலுமிகள் கொண்டுவந்த மெட்டு என்று பின்னணி இசையெல்லாம் போட்டு அடித்துவிடுகிறான். அவனுக்கு எங்கிருந்துதான் இதெல்லாம் வருகிறதோ.

எல்லாம் சுத்தப் பேத்தல். அந்தப் பாட்டைக் கட்டியது செம்மண்டலத்தில் என் வீட்டுக்கு எதிர்வீட்டுத் தைலம்மாள். எனக்குத் தைலக்கா. அப்போது அவளுக்குக் கிறிஸ்மஸும் தெரியாது, சுவிசேஷமும் தெரியாது. அவள் தட்டியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள், அவ்வளவுதான்.

தைலக்கா இட்லி மாவு அரைத்து விற்பவள். வீட்டு முன்னறையில் பெரிய கிரைண்டர் இரண்டு ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவள் தொண்டை அப்படி ஆகிவிட்டது. அவள் சாதாரணமாக என்னிடம் 'காபி குடிச்சியா எழிலு' என்று கேட்டால் மூன்றாவது வீட்டில் இருப்பவர் 'குடிச்சிட்டேன்' என்பார். கிரைண்டர் ஓடும் தாளத்துக்கு ஏதாவது ஒன்றை இட்டுக்கட்டிப் பாடிக்கொண்டே இருப்பாள். மாவு வாங்க வந்தவள் பாக்கி வைத்திருந்தால் அவளைப் பற்றியே பாடுவாள். அந்தப் பொம்பளை சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போவாள்.

அவள் வீட்டுக்காரர் சாமிக்கண்ணு மோட்டார் மெக்கானிக். தெருவில் யார் வீட்டுத் தண்ணி மோட்டார் மக்கர் செய்தாலும் அவர்தான். மழை வந்தால் எங்கள் தெருவில் சாக்கடை பொங்கி வீட்டுக்குள் வரும். மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், ஒரு தடவை நகராட்சித் தேர்தலில் வார்டு மெம்பருக்கு சுயேச்சையாக நின்றுவிட்டார். பூட்டு சாவி சின்னம். ஆட்டோ வைத்து மைக் கட்ட வசதியில்லை. தைலக்காதான் பிரச்சாரம். கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே மத்தியானத்தில் அந்தப் பாட்டைக் கட்டினாள். சாயங்காலம் தெருப் பெண்கள் நாலைந்து பேரையும் பின்னாலேயே ஒரு கூட்டம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் புறப்பட்டுவிட்டாள்.

'யாரு வர்றாரு' என்று அவள் கேட்கும் இடத்தில்தான் வந்தது வினை. அங்கே வர வேண்டியது அவர் பேர். சா, மிக், கண், ணு. நீங்களே தட்டிப் பாருங்கள், சரியாக நாலு வரும். ஆனால் அவள் வாயில் அது வரவே வராது. அந்த இடம் வந்ததும் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு நாலு தட்டு தட்டுவாள். கூட வந்தவர்களுக்கு அது பிடித்துப்போய் அவர்களும் தட்டினார்கள். பிள்ளைகளுக்குக் கேட்கவே வேண்டாம்.

"பாட்டு நல்லா இருக்குதும்மா. ஓட்டு யாருக்கு?" என்று கேட்பார்கள்.

"அவருக்குத்தான்."

"எவருக்கு?"

"எங்க வூட்டுக்காரருக்கு. சிந்துஜா அப்பாவுக்கு."

பக்கத்துத் தெருக்காரர்களுக்கு சிந்துஜாவையும் தெரியாது, அவள் அப்பாவையும் தெரியாது. நோட்டீஸைக் கையில் கொடுத்தால் ஆயிற்று என்று நான் சொன்னேன். அதையும் மாவு பாத்திரம் மூடத்தான் வாங்கிக்கொண்டார்கள். தேர்தல் முடிந்து எண்ணிப் பார்த்தால் அவருக்கு டெபாசிட் போயிருந்தது. வார்டே பாடிய பாட்டு, ஆனால் யாருக்காகப் பாடுகிறோம் என்று வார்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

இப்படி ஒரு கூத்து உலகத்தில் வேறு எங்கேயாவது நடந்திருக்குமா, எனக்குத் தெரியாது. சாமிக்கண்ணு மாமா கோபப்படவில்லை. "ஒரே ஒரு தடவ எம்பேர சொல்லியிருந்தா இந்நேரம் நான் கவுன்சிலர்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். சிரிப்புத்தான், ஆனால் உள்ளுக்குள் அவருக்கு ஆசை இருந்தது. பதவிக்கு இல்லை. ஒரு நாளாவது அவள் வாயால் தன் பேரைக் கேட்க வேண்டும் என்று. "ஒரு தடவ சொல்லு தைலா, யாருக்கும் கேக்காது" என்று அவர் கெஞ்சியதை நானே கேட்டிருக்கிறேன். "வேற வேல இல்ல ஒங்களுக்கு" என்று கிரைண்டரைப் போட்டுவிடுவாள்.

பிள்ளைகள் விட்டால்தானே. தேர்தல் முடிந்தும் தெருவில் அதையே பாடிக்கொண்டு திரிந்தார்கள். எங்கள் சபையில் பாடகர் குழுவை நடத்தியவர் செம்பியன் அண்ணன். அந்த வருஷக் கிறிஸ்மஸுக்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதுப் பாட்டு சொல்லித்தரப் பார்த்தார், ஒன்றும் ஏறவில்லை. எரிச்சலில் "ஒங்களுக்குத் தெரிஞ்சதையே பாடித் தொலைங்க" என்றார். அவை இதைப் பாடின. அன்றைக்கே அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு தைலக்காவிடம் போய் அனுமதி கேட்டார்.

"எங்க வூட்டுக்காரருக்குத்தான் ஒதவல. ஒங்க சாமிக்காவது ஒதவட்டும், எடுத்துக்கோங்க" என்றாள் அவள்.

மாட்டுக் கொட்டாய், வால் நட்சத்திரம் என்று சரணங்களை அண்ணன் எழுதிச் சேர்த்தார். நாலு தட்டு இருந்த இடத்தில் 'ஏசு ராஜா' என்று போட்டுப் பார்த்தார். பிள்ளைகள் அதையும் சொல்லிவிட்டுத் தட்டவும் தட்டின, தாளம் கெட்டது. போகட்டும் என்று நாலு தட்டை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார். பிறகு வேலை மாறிச் சிதம்பரம் போனார், அங்கே ஒரு சபைக்குச் சொல்லிக்கொடுத்தார், யாரோ போனில் படம் பிடித்துப் போட்டார்கள். பண்ருட்டி, விருத்தாசலம், பாண்டிச்சேரி என்று பாட்டு காலில் சக்கரம் கட்டிக்கொண்டு போய்விட்டது. தைலக்கா பேர் மட்டும் எங்கேயும் போகவில்லை. எனக்கு வயிறு எரியும். அவள் கவலையே படவில்லை.

அவளுக்குக் கவலை வேகத்தைப் பற்றித்தான். கேரல் ரவுண்ட்ஸில் நாங்கள் சபைக் குடும்பங்களின் வீட்டுக்கு மட்டும்தான் போவோம். சபையில் இல்லாத வீடு என்றால் வருஷா வருஷம் அவள் வீட்டு வாசலில் மட்டும் நிற்போம். இரண்டு வரி பாடுவதற்குள் கையை ஆட்டி நிறுத்திவிடுவாள். "ஏன் இப்பிடி ஜவ்வு மாதிரி இழுக்குறீங்க? பச்சப் புள்ள பொறந்துருக்குது, ஓடி வந்து பாக்க வேணாமா?" என்பாள். பிறகு அவளே பாடிக் காட்டுவாள். அந்தத் தொண்டைக்கு எங்கள் இருபது பேர் சத்தமும் காணாது.

போன ஆடியில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. கிரைண்டர் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டாள். மகள் சிந்துஜா சிதம்பரத்தில் இருக்கிறாள், அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் தப்பியது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு போய்விட்டது. சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் 'த... த...' என்று மட்டும் வரும். அந்தத் தொண்டைக்கா இந்த கதி என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் அழுதுவிட்டேன்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் நல்ல பெண். "பேச முடியாதவுங்க சில பேருக்குப் பாட்டு வரும். தெரிஞ்ச பாட்டா பாட வைங்க. முயற்சிய மட்டும் விட்றாதீங்க, விட்டா இப்பிடியே நின்னுடும்" என்றாள். சாமிக்கண்ணு மாமா தினமும் பக்கத்தில் உட்கார்ந்து தாலாட்டு, சினிமா என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் பாடினார். பாவம், மனுஷனுக்குச் சுருதி என்றால் என்னவென்றே தெரியாது. தைலக்கா ஒரு நாள் இடது கையால் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தாள். அதன் பிறகு வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டாள். அந்த 'த' கூட இல்லை. கார்த்திகையில் இருவரும் செம்மண்டலத்துக்கே திரும்பி வந்தார்கள். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருப்பாள், இவர் அவளைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

டிசம்பரில் ரவுண்ட்ஸ் தேதி வைத்ததும் மாமா என் வீட்டுக்கு வந்தார்.

"எழிலு, இந்த வருஷம் எங்க வூட்டுக்கு வேணாம்மா."

"ஏன் மாமா?"

"அந்தப் பாட்டக் கேட்டா அவ தாங்க மாட்டா. பாட முடியலன்னு ஒடஞ்சிருவா."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "நீங்க சினிமா பாட்டு பாடுனீங்க, தாலாட்டு பாடுனீங்க. அவ பாட்ட ஒரு நாளாச்சும் பாடுனீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பயமா இருக்குதும்மா. அதுவும் வரலன்னா, அப்புறம் எத வச்சு அவள பேச வைக்கிறது?"

நான் விடவில்லை. "பாட்டு அவளோடது மாமா. அவ வாசல்ல நிக்க வேணாம்னு சொல்ல நீங்க யாரு?" என்று கேட்டேன். கேட்டதும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் மறுபடியும் வேண்டாம் என்று சொல்லாமல் எழுந்து போனார். அதைச் சம்மதம் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

ரவுண்ட்ஸ் அன்றைக்கு விளக்கு வைக்கும் நேரத்துக்கே அவள் வீட்டுக்குப் போனோம். செம்பியன் அண்ணன் சிதம்பரத்திலிருந்து இதற்காகவே வந்திருந்தார். அக்காவை நாற்காலியோடு திருப்பி வாசல் பார்க்க உட்கார வைத்திருந்தார் மாமா. அவர் அவள் பின்னால் நின்றார். அக்கா எங்களைப் பார்த்தாள், பிறகு மடியைப் பார்த்தாள்.

பாடினோம். அழுகையை அடக்கிக்கொண்டு பாடினால் வேகம் எங்கே வரும்? முதல் அடியே இழுத்துக்கொண்டு போனது. திடீரென்று 'டொக் டொக்' என்று சத்தம். பார்த்தால் தைலக்கா இடது கையால் நாற்காலிக் கட்டையை அடிக்கிறாள். முகத்தில் அப்படி ஒரு கோபம். வேகமா, வேகமா என்று விரட்டுகிறாள். செம்பியன் அண்ணன் டோலக்கின் வேகத்தைக் கூட்டினார். நாங்கள் பயந்துபோய்ப் பாட்டை ஓட்ட ஆரம்பித்தோம்.

இரண்டாவது முறை சுற்றி வரும்போது அவள் உதடு அசைந்தது. 'வெளக்க ஏத்தி' என்ற இடத்தில் சத்தம் வந்தது. குழறலாக, கரகரவென்று, ஆனால் சொல். அண்ணன் கையைத் தாழ்த்தி எங்களை அடக்கினார். டோலக்கும் அடங்கியது. அவள் ஒருத்தி குரல் மட்டும் கேட்டது.

"வூட்டுப் புள்ள... வர்றாரு. யாரு... வர்றாரு?"

தட்ட வேண்டிய இடம். அவள் இடது கை மேலே வந்தது. வலது கை மடியை விட்டு எழவில்லை. அவள் அந்தக் கையைக் குனிந்து பார்த்தாள். எங்கள் எல்லோர் கையும் பாதியில் நின்றது, ஒருத்தரும் தட்டவில்லை. தாளம் அவளுக்காக நின்றது. தாளத்தைக் காக்க வைப்பது அவளுக்கு ஆகாத காரியம்.

"சா... மிக்... கண்... ணு."

பின்னால் நின்ற மாமா, கொல்லையிலிருந்து யாரோ கூப்பிட்டது போல, "இன்னா தைலா?" என்றார். கேட்ட பிறகுதான் கூப்பிட்டது யார் என்று அவருக்கு உறைத்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தைலக்காவுக்கும் தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. இடது கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். ஊர் முன்னால் புருஷன் பேரைச் சொல்லிவிட்ட வெட்கம். கண்ணில் நீர் ஓடுகிறது, பொத்திய கைக்குள் சிரிக்கிறாள்.

மாமா மண்டியிட்டே முன்னால் வந்தார். வாயைப் பொத்தியிருந்த அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"வாய மூடாத தைலா," என்றார். "பேசு. நீ பேசு."