மீனாட்சியம்மா மருமவளுக்கு வந்த காமாலை

கண்ணு பட்டுரும், கண்ணு பட்டுரும்னே அறுவது வருசத்த ஓட்டினவ எங்க பக்கத்து வீட்டு மீனாட்சியம்மா. நல்லது எதையும் வெளிய சொல்ல அவளுக்கு நாக்கு வளையாது. பலா காச்சா சாக்க வச்சு மூடுவா. வயலு நல்லா வெளைஞ்சாலும், "எங்க பிள்ளே, எல்லாம் பதருதான்"னு மூக்கச் சிந்துவா. மவன் ஹரிகுமாரு வேல கெடச்சு துபாய்க்குப் பிளேன் ஏறினப்போ, "மெட்ராசுல ஒரு கடையில கணக்கு எழுதப் போயிருக்கான்"னு தெருவெல்லாம் சொன்னா. அவன் லீவுல வந்து எறங்கினப்போ கொண்டுவந்த பெட்டிகளப் பாத்து ஊரே சிரிச்சுது.

அப்பிடிப் பொறாமப்பட அந்த வீட்டுல என்ன கெடக்கு? செவுத்துக்கு வெள்ளையடிச்சு எத்தன காலமாச்சுன்னு செவுத்துக்கே மறந்துபோச்சு. கட்டினவரு கணபதியப்பன் ஒரு பாவம். அவ பூசணிக்காயப் பொடலங்காய்ன்னு சொன்னா இவரும் தலைய ஆட்டுவாரு.

மருமவ ஹரிதா கருங்கல் ஊருக்காரி. பேச்சுல பாதி மலையாளம் முங்கிக் கெடக்கும், ஆனா குணமான பிள்ள. ஹரிகுமாரு கலியாணம் முடிஞ்சு, அவள வட்டக்கோட்டைக்கும் கன்னியாகுமரிக்கும் ரெண்டு சுத்து கூட்டிப்போயிட்டு, திரும்ப துபாய்க்குப் போனான். அவன் போயி கொஞ்ச நாள்லயே இந்தப் பிள்ள காலம்பற எந்திச்ச உடனே கெணத்தங்கரைக்கு ஓடி ஓங்கரிக்க ஆரம்பிச்சா. நாகர்கோயில்ல ஒரு டாக்டரம்மாகிட்ட காட்டினாவ. முழுகாம இருக்கான்னு சொல்லி, தெனமும் போட மாத்திரையும் குடுத்து, கிராம நர்சுகிட்ட சீக்கிரம் பேரப் பதிஞ்சிருங்கன்னு சொல்லிவிட்டாவளாம். இதெல்லாம் பொறவு தெரிஞ்ச கத.

மூணு மாசம் முடியாம வெளிய சொல்லப்பிடாதுன்னு நெறைய வீட்டுல உண்டு. சரி, சொல்லாண்டாம். வாய மூடிகிட்டு இருக்கலாம்லா? மீனாட்சிக்கு அது பத்தாது, கூட ஒரு பொய்யும் வேணும். மருமவ எதுக்கு வாந்தி எடுக்கான்னு கேட்டவகிட்ட எல்லாம், "மஞ்சக்காமால பிள்ளே"ன்னு எடுத்துவிட்டா.

நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன். "மயினி, காமாலைக்காரிக்கு கண்ணு பாலு மாதிரி வெள்ளையாட்டு இருக்கே?"

"அது உள்காமால. வெளிய தெரியாது."

"டாக்டரு சொன்னாவளா?"

"ஒனக்கு எதுக்கு அதெல்லாம்? துணியக் காயப்போடு."

உள்காமாலயாம்! எந்தக் காலேஜுல படிச்சாளோ.

காமாலைன்னு சொல்லியாச்சு, இனி பத்தியம் வேணும்லா? பாக்க வாறவ முன்னால உப்பில்லாக் கஞ்சி. வாறது ஒருத்தியா, ரெண்டு பேரா? காலம்பற தொடங்கி வெளக்கு வைக்குறவரைக்கும் ஆளு. அதுனால மூணு நேரமும் அதே கஞ்சிதான். மசக்கையில கெடக்க பிள்ளைக்கு ஒரு ஊறுகா கெடையாது, மீன்துண்டு கெடையாது. டாக்டரம்மா குடுத்த மாத்திரையக் கண்டா ஆளுவ கண்டுபிடிச்சிருவாவன்னு அரிசிப்பானைக்குள்ள பொதச்சு வச்சா. யாரும் வராத நேரம் பாத்து ஒண்ணு எடுத்துக் குடுப்பா. ஆளு வராத நேரமே கெடையாதே! அதுனால பாதி நாளு மாத்திரையும் இல்ல.

நர்சு ஜெபமணி வந்து, "காமாலைன்னு கேள்விப்பட்டேன், ரத்தம் எடுத்துப் பாக்கணும்"னப்போ, "அவ அம்ம வீட்டுக்குப் போயிட்டா"ன்னு வாசல்லயே திருப்பி அனுப்பினா. பாவம் நர்சு, காமால தண்ணியில பரவுமேன்னு பயந்து, தெருவுல உள்ள கெணறு பூராவும் பிளீச்சிங் பவுடர் போட வச்சா. எங்க காப்பியில ஒரு வாரத்துக்கு அந்த நாத்தம்.

அதுக்குள்ள ஹரிதா குச்சியாட்டு ஆயிட்டா. பச்சத்தண்ணி குடிச்சாக்கூட நிக்கல.

ஒருநாள் மத்தியானம் முத்துக்கனி வந்து நின்னா. அய்யாவழிக்காரி. அவ வீட்டுல தலமுறையாட்டு காமாலைக்குப் பச்சமருந்து அரச்சுக் குடுப்பாவ. பைசா வாங்கமாட்டாவ. ஆனா குடிச்சு முடியுறவரைக்கும் எடத்த விட்டு நவுரவும் மாட்டாவ. கையில ஒரு டம்ளரு, பச்சப்பசேல்னு. ரெண்டு மூணு பேரு பின்னால வேடிக்க பாக்க வந்தோம்.

"மீனாட்சியம்மா, எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம இருந்திட்டியளே! பிள்ள உருகிப் போச்சே. குடி மக்கா, ஒரே மூச்சுல குடி."

ஹரிதா டம்ளர வாங்கிட்டு மாமியாளப் பாத்தா. அந்தப் பார்வைக்கு கல்லும் வாயத் தொறந்திருக்கும். மீனாட்சி எங்களப் பாத்தா, டம்ளரப் பாத்தா. பொறவு சொன்னா:

"குடி மக்கா. ஒரு மடக்குதானே. ஒண்ணும் செய்யாது."

சொந்தப் பேரப்பிள்ளையவிட இவளுக்குப் பொய்தான் பெருசு. த்தூ!

ஹரிதா டம்ளரத் தரையில வச்சா. "அக்கா, எனக்குக் காமாலயொண்ணும் இல்ல. நான் கெர்ப்பமாக்கும். இது குடிச்சு என் பிள்ளைக்கு எதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?"

முத்துக்கனி அப்பிடியே மருந்த எடுத்து வாசல் முத்தத்துல வீசினா. "ஏ அம்மா! வயித்துப்பிள்ளக்காரிக்கு இத நாங்க தொடவே விடமாட்டோமே! என்ன பொம்பளையா நீங்க? என் கையால பாவம் செய்ய வைக்கப் பாத்தியளே!"

"எல்லாரும் மெள்ளப் பேசுங்க"ன்னா மீனாட்சி. "ரோட்டுல ஆளு போவுது."

முத்துக்கனி கேக்கல. ஆட்டோ பிடிச்சு ஹரிதாவ ஆசுபத்திரிக்கு ஏத்தினா. நானும் தொத்திகிட்டேன். மீனாட்சியும் வந்தா, சேலத்தலப்ப மொகத்துல போட்டுகிட்டு.

தண்ணிச்சத்து வத்திப்போச்சுன்னு குளுக்கோஸ் ஏத்தினாவ. ஸ்கேன் பாத்த டாக்டரம்மா, "பிள்ளைக்க நெஞ்சு துடிக்குது"ன்னு சொன்ன பொறவுதான் ஹரிதாவுக்கு அழுக வந்துது. அதுவர ஒரு சொட்டு வரல.

சிஸ்டர் கட்டில் பக்கம் நின்னு சொல்லிக்குடுத்தாவ. "காலையில எந்திக்கதுக்கு முன்னால ரெண்டு பிஸ்கட்டு தின்னணும். கொஞ்சம் கொஞ்சமாட்டு நெறைய தடவ சாப்பிடணும். மாத்திரைய ஒரு நாளும் விடப்பிடாது. தண்ணிகூட வயித்துல நிக்கலன்னாலோ, ரத்தம் பட்டாலோ, வயித்துவலி வந்தாலோ ஒடனே வரணும். கேக்காம எந்த மருந்தும் குடிக்கப்பிடாது, பச்சமருந்தும்தான். நாளைக்கே நர்சுகிட்ட பேரு பதியணும்."

மீனாட்சி சிஸ்டர் கையப் பிடிச்சா. "கொஞ்சம் மெள்ளச் சொல்லுங்கம்மா. பக்கத்துக் கட்டில்காரி காதக் கூர்மையாக்கிகிட்டு கெடக்கா."

ஹரிதா மாமியாளத் திரும்பிக்கூட பாக்கல.

"சிஸ்டர், இன்னும் ஒருவட்டம் சொல்லுங்க. நல்லா ஒரக்கச் சொல்லுங்க."