பெரட்டுத் தப்புக்கும் எழாத மகன்

இரண்டு வாரத்துக்கு முன், விடியுமுன்னே என் வீட்டு வாசலில் தப்பு அடித்தார்கள். அடிக்கச் சொன்னது நான்தான்!

என்னைத் தெரியாதவர் லுணுகலையில் உண்டா? பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காராதவன். தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து, பஜாரில் சொந்தக் கடை போட்டவன். எல்லாம் இருட்டோடு எழுந்து சம்பாதித்தது.

என் ஒரே மகனோ, பத்தொன்பது வயது, கோழி கூவும்போதுதான் கண்ணை மூடுகிறான். எழுவது உச்சி வெயிலில். அவன் அம்மா போனபின் வீட்டில் இரண்டே பேர். நான் விழித்திருந்தால் அவன் தூங்குவான், அவன் விழித்திருந்தால் நான். ஒரே கூரை... பேச ஆளில்லை.

இஞ்சிக் கோப்பி, தாயத்து, முகத்தில் தண்ணீர் - எதற்கும் அசையவில்லை. “கடை தெறக்க எழும்பலேன்னா வேற வழி பாத்துக்க!” என்று கத்தினேன். அப்புறம்தான் யோசனை வந்தது. தோட்டத்துச் சனம் முழுவதையும் விடியலில் பேர் எடுக்கும் பெரட்டுக்கு எழுப்பும் தப்பு, இவனை எழுப்பாதா?

தெருவே எழுந்தது. எல்லாரும் நானா என்று கூப்பிடும் பக்கத்துத் துணிக்கடைக்காரர் சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். “என்ன கங்காணியாரே, இன்னைக்கு எங்களுக்கும் பெரட்டா? கொழுந்துக் கூடை எங்க?”

மகன் மத்தியானம் கடைக்கு வந்து கேட்டான். “அப்பா, காலையில யாரு செத்தது? தப்புச் சத்தம் கேட்டுச்சே!”

சாவுக்கும் அதே தப்புதானே... “சோம்பேறி!” என்றேன்.

“சோம்பல் இல்லப்பா. படுத்தாலும் தூக்கம் வர மாட்டேங்குது. நான் என்ன செய்ய?”

சாமான் வாங்க வந்திருந்த மடுல்சீமைத் தேயிலை ஃபெக்டரி டீமேக்கர் சிரித்தார். “எங்க ஃபெக்டரி மாடியில கொழுந்து வாடுறத ராத்திரி முழுக்கப் பாக்கணும். வர்றவனெல்லாம் கொறட்டை விடுறான். தம்பிய அனுப்புங்க!”

நான் வாய் திறக்குமுன் மகன் துணி மூட்டையோடு நின்றான். “நீங்கதானேப்பா வேற வழி பாக்கச் சொன்னீங்க?” குரலில் கோபமில்லை. அதுதான் வலித்தது.

பெரட்டுக்கு ஒரே நேரம். எல்லாக் கண்ணுக்கும் அப்படியா? இளசுகளுக்கு ராத்திரி கொஞ்சம் பிந்தித்தான் வருகிறதோ என்னவோ! சோம்பேறி என்று திட்டுவது நமக்குச் சுலபம்.

இப்போதும் இருட்டோடு எழுகிறேன். எழுப்ப ஆளில்லை. கோப்பி ஆறிப்போகிறது.

நேற்று ஞாயிறு. தோட்டத்துச் சனம் சாமான் வாங்கக் குவியும் நாள். ராத்திரி வேலை முடித்து மகன் நேரே வீட்டுக்கு வந்தான். “கொஞ்சம் படுத்து எழும்புறேன்பா. அப்புறம் பேசுவோம்.”

பேசுவோம் என்றான்! கடை வீட்டோடு ஒட்டியது. கதவுப் பலகைகளைக் கழற்றினால் தடதடவென்று சத்தம் வரும். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

கடை ஏன் பூட்டியிருந்தது என்று காலையிலிருந்து கேட்கிறவர்களே... என் மகன் தூங்கிக்கொண்டிருந்தான்.