பி.எஃப். பணமும் அப்பா நின்ற வயலும்

பஸ் சாவியை ஆபீஸ் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பதினாறு வருஷம் அந்த இன்ஜினியரிங் காலேஜுக்கு பஸ் ஓட்டியவன் நான். கடைசி இரண்டு வருஷமாகப் பிள்ளைகள் சேர்வது குறைந்துகொண்டே வந்தது. ஐம்பது பேர் உட்காரும் பஸ்ஸில் ஏழெட்டுப் பேரை வைத்துக்கொண்டு திருவாரூர் ரோட்டில் போய்வருவேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் முழுக்கக் காலி சீட்டு. போன வருஷம் சித்திரையில் காலேஜையே மூடிவிட்டார்கள். போய்வா என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட அன்றைக்கு ஆபீஸில் ஆள் இல்லை.

என் பெயர் முருகேசன். நம் வாய்க்கால்கரை மாரியம்மன் திருவிழாவுக்கு அன்னதான அரிசி ஏற்றி வரும் டிரைவர் என்றால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். எனக்கு அலங்காரமாகப் பேச வராது. அம்மன் செய்ததை மறைத்தால் நாக்கு அழுகிவிடும் என்று பயந்துதான் இதைச் சொல்கிறேன்.

வேலை போன பிறகு கையில் மிச்சம் இருந்தது பி.எஃப். பணம் ஒன்றுதான். கீழ்வேளூரில் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கும் பெண்ணிடம் போய்க் கேட்டேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணே, இதுல ரெண்டு இருக்கு. ஒன்னு உங்க பி.எஃப். அதை எடுத்துக்கலாம். இன்னொன்னு பென்ஷன். உங்களுக்கு அம்பத்திரண்டுதான ஆவுது? இப்பவே கேட்டா கொறைச்சுத் தருவாங்க. அப்புறம் ஆயுசுக்கும் அந்தக் கொறைச்ச தொகைதான். அம்பத்தெட்டு வரைக்கும் பொறுத்தீங்கன்னா முழுசா வரும். வீட்டுல கலந்துக்கிட்டு வாங்க."

வீட்டில் என்ன கலந்துகொள்வது? மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. இருப்பது நானும் வசந்தாவும்தான். அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். "ரெண்டையும் தொடாதீங்க. நமக்கு நடக்க முடியாதப்ப அதுதான் சோறு."

நானும் சரி என்றுதான் இருந்தேன். வைகாசியில் மெட்ராஸிலிருந்து போன் வந்தது. பேசியவர் எங்கள் ஊர் மிராசுதார் வீட்டுப் பிள்ளை. பேங்கில் பெரிய வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எங்கள் தாத்தா அவர்கள் வீட்டுப் பண்ணையாள், அப்பாவும் அங்கேதான் கூலிக்கு உழைத்தார். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் அவரைச் சின்னய்யா என்றுதான் சொல்வோம்.

"முருகேசன், நல்லா இருக்கீங்களா? இலுப்பையடியில நாலு மா நிலம் இருக்குல்ல, அதைக் குடுத்துடலாம்னு இருக்கேன். வெளி ஆளுங்க கேக்குறாங்க. ஆனா அது உங்க குடும்பம் பாடுபட்ட மண்ணு. எங்க அப்பா இருந்தா உங்களைத்தான் முதல்ல கேக்கச் சொல்லியிருப்பார்."

இலுப்பையடி வயல்! எங்கள் அப்பா உயிரோடு இருந்தவரை, சாயங்காலமானால் வாய்க்கால் கரையில் நின்று அந்த வயலையே பார்த்துக்கொண்டிருப்பார். வேறு எந்த வயலையும் அப்படிப் பார்க்க மாட்டார். "என்னப்பா பாக்குற?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒன்னுமில்ல, போ" என்றார். எனக்கா புரியாது? பாவம், ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். என்றைக்காவது அதை வாங்கி அவர் பேரில் கல் நடவேண்டும் என்று மனசில் வைத்திருந்தேன். அவர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பி.எஃப். முழுவதையும் எடுத்தால் கிரயத்துக்குச் சரியாக இருக்கும். பென்ஷனையும் இப்போதே கேட்டு வாங்கினால் உழவு, விதை, ஆள்கூலியைச் சமாளிக்கலாம். வசந்தாவிடம் சொன்னேன். அவள் குதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"புத்தி கித்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? இது கடைமடை. தண்ணி கடைசியாத்தான் வரும், வெள்ளம் முதல்ல வரும். இருக்குற எல்லாத்தையும் அங்க கொண்டுபோய்க் கொட்டிட்டு நாளைக்கு யாரு வாசல்ல நிப்பீங்க?"

"அப்பாவுக்காகடி" என்றேன். அவள் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த சில நாளில்தான் அது ஆரம்பித்தது. நல்ல உச்சிவெயில். டி.வி.எஸ். வண்டியில் வாய்க்கால் கரையோரம் வந்துகொண்டிருந்தேன். இலுப்பையடி வரப்பில் ஒரு ஆள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கோவணம், தலையில் துண்டு. நெல்லுக்கட்டு சுமந்து சுமந்து ஒரு பக்கம் இறங்கிப்போன தோள். அந்தத் தோள் யாருடையது என்று எனக்குத் தெரியாதா? வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டு நிமிர்ந்தேன். வரப்பில் ஒருவரும் இல்லை.

நான் பேய் பிசாசு என்று பயப்படுகிற ஆள் இல்லை. சுடுகாட்டு வழியாக வண்டி ஓட்டியவன். ஆனால் பெற்ற அப்பா வந்து நின்றால் என்ன செய்வது? மறுநாளும் நின்றார். அதற்கடுத்த வாரம் கடைத்தெருவில் ஜனங்களுக்கு நடுவில் நின்றார். ஒருதரம்கூட முகத்தைக் காட்டவில்லை. "வாங்கிடுறேம்பா, கொஞ்சம் பொறு" என்று வாய்விட்டுச் சொல்வேன். பக்கத்தில் நிற்பவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆனி மாசத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் டிரைவர் வேலை காலி என்று கேள்விப்பட்டுப் போனேன். மேனேஜர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஓட்டிக் காட்டச் சொன்னார். ரயில்வே கேட்டைத் தாண்டினேன். நடு ரோட்டில் அப்பா நின்றார். அதே முதுகு. உயிரே போகிற மாதிரி பிரேக்கை மிதித்தேன். மேனேஜர் போய்க் கண்ணாடியில் மோதிக்கொண்டார்.

"யோவ், காலையிலயே குடிச்சிருக்கியா?" என்று கத்தினார்.

ரோடு காலியாகக் கிடந்தது. இறங்கி நடந்து வந்தேன். வாழ்க்கையில் ஒரு சொட்டுச் சாராயம் தொடாதவனுக்கு அந்தப் பெயர். ஸ்டியரிங்கைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. வேன் நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது இப்படி ஆகியிருந்தால்? அதை நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை. இனி வண்டி ஓட்ட முடியாது, வயல்தான் கதி என்று முடிவு செய்தேன். ஆடி போய் ஆவணி பிறந்ததும் கிரயம் செய்துகொள்ளலாம் என்று சின்னய்யாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அப்படி முடிவு எடுத்தால் அப்பா விட்டுவிடுவார் என்று நம்பினேன். விடவில்லை. தினமும் வந்தார்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை நம் அம்மன் சந்நிதிக்குப் போனேன். கூழ் ஊற்றி முடித்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நான் கும்பிடவில்லை, சண்டை போட்டேன். "வாங்குறேன்னு சொல்லிட்டேன், இன்னும் அவருக்கு என்ன வேணும்? எனக்குப் புரியல. நீ கேட்டுச் சொல்லு. உன்னால சொல்ல முடியலன்னா இந்தக் கண்ணை எடுத்துக்க. செத்தவரைப் பாக்குற கண்ணு எனக்கு வேணாம்" என்றேன். என்ன திமிர் எனக்கு! டிரைவர் கண்ணை எடுத்துக்கொள் என்கிறான். அழுதுவிட்டு வந்தேன்.

ஆடி அமாவாசை வந்தது. அப்பாவுக்குப் படையல். வசந்தா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் சமைத்தாள். வாழைக்காய், பூசணிக்காய், உளுந்து வடை, பாயசம். காக்கைக்கு வைத்து, அது எடுத்த பிறகுதான் நாங்கள் சாப்பிட வேண்டும். மாடியில் கைப்பிடிச் சுவரில் இலையைப் போட்டு வைத்துவிட்டுக் கூப்பிட்டேன்.

காக்கைக்கா பஞ்சம்? எதிர்வீட்டுத் தென்னையில் உட்கார்ந்திருந்தன. கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருந்தன. பக்கத்து வீடுகளில் வைத்த சோறெல்லாம் எப்போதோ காலி. எங்கள் இலைக்கு ஒன்றுகூட வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தன.

காக்கை எடுக்காவிட்டால் செத்தவருக்கு ஏதோ குறை என்று அர்த்தம். அது என்ன என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, நிறைவேற்றுகிறேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். உங்களுக்கும் தெரிந்த வழக்கம்தான். நான் கையைக் கூப்பிக்கொண்டு சொன்னேன். "அப்பா, ஆவணியில கிரயம் முடிச்சிடுறேன்." காக்கை அசையவில்லை. "உன் பேருல கல்லு நடுறேன்." அசையவில்லை. "பென்ஷனையும் எழுதிக் குடுத்து நானே எறங்கி உழுவுறேன்." தென்னையில் இருந்த ஒன்று பறந்தே போய்விட்டது. சோறு ஆறி விறைத்துப்போயிற்று.

வசந்தாவுக்குப் பசி. பசி வந்தால் அவளுக்குக் கோபமும் வரும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள்.

"மாமா, நான் சொல்றேன் கேளுங்க. உங்க மவன் அந்த வயல வாங்க மாட்டாரு. நான் வாங்க விட மாட்டேன். அந்த எடத்துல எங்க காலு படாது. போதுமா? வந்து சாப்பிடுங்க!"

சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அவள் வாய் மூடவில்லை. கம்பியிலிருந்து ஒரு காக்கை நேராக இறங்கியது. வடையை விட்டுவிட்டுச் சோற்றைக் கொத்தியது. பின்னாலேயே கூட்டமாக வந்துவிட்டன.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "உனக்கு என்னடி தெரியும்?" என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள்.

அப்பா படுக்கையில் கிடந்த கடைசி மாசங்களில் நான் விடிந்தால் பஸ்ஸில் ஏறிவிடுவேன். பார்த்துக்கொண்டது அவள்தான். ஒருநாள் மத்தியானம் காய்ச்சல் வேகத்தில் அவளிடம் சொன்னாராம்.

"எங்கப்பன மிராசு வீட்டு ஆளுங்க இலுப்ப மரத்துல கட்டி வச்சுத்தாம்மா அடிச்சாங்க. சாணியக் கரைச்சு வாயில ஊத்துனாங்க. நான் சின்னப் பய, வரப்புல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். அழுவல, ஓடல, நின்னுக்கிட்டே இருந்தேன். நான் செத்தா அந்த வழியா என்னத் தூக்கிட்டுப் போவாதீங்க."

"அதை ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சாவுறப்ப உங்ககிட்ட சொல்லாதன்னு கேட்டுக்கிட்டாரு. இப்ப சொல்லியிருந்தா, நெலத்தைக் கெடுக்க நானே கதை கட்டுறேன்னு சொல்லியிருப்பீங்க. சொல்லியிருக்க மாட்டீங்களா?"

சொல்லியிருப்பேன். அவள் சொன்னது நிஜம்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அப்பா அந்த வயலுக்கு ஆசைப்பட்டு நிற்கவில்லை. சின்னப் பயலாக அந்த வரப்பில் நின்றவர் நின்றவர்தான். வயசாகி, கல்யாணமாகி, என்னைப் பெற்று, செத்தும் போய்விட்டார், கால் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. என் பணத்தை எல்லாம் கொட்டி அந்த இடத்தை அவர் பேருக்கு எழுதிவைக்க நான் போனேனே! இலையில் சாப்பிட உட்கார்ந்தும் ஒரு கவளம் இறங்கவில்லை.

சாயங்காலம் அம்மன் கோயிலுக்கு ஓடினேன். "தாயே, அவரை அங்கேருந்து கூட்டிக்க" என்று மட்டும் கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் சின்னய்யாவுக்கு போன் செய்து நிலம் வேண்டாம் என்றேன்.

"ஏன் முருகேசன், விலை கூடவா? கொஞ்சம் குறைச்சுக்கலாமே."

"வெலை இல்லீங்க. எங்க அப்பாவுக்குப் பிடிக்கலீங்க."

"உங்க அப்பா... அவர் இறந்துட்டார்ல?"

"ஆமாங்க."

"எங்க அப்பா இருந்தா" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. சரி என்று சொல்லி வைத்துவிட்டார். அவருக்கு அந்தக் கதை தெரியுமா, தெரியாதா? நான் கேட்கவில்லை. மரியாதையாகப் பேசுகிற மனிதர். அவரிடம் சண்டை போட்டு நான் என்ன செய்ய?

பி.எஃப். பணத்தை எடுத்து வசந்தா பேரில் தபாலாபீஸில் போட்டாயிற்று. பென்ஷனைத் தொடவில்லை. ஐம்பத்தெட்டு ஆகட்டும், முழுசாக வரட்டும். ஆவணியில் வேறொரு பள்ளிக்கூடத்தில் வேன் கொடுத்தார்கள். முதல் நாள் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டேன். அம்மா அம்மா என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். ரோட்டில் யாரும் இல்லை. இன்றுவரை இல்லை. பிள்ளைகள் பின்னால் கத்துகிற கத்தலில் காது கிழிகிறது. அந்தச் சத்தம் எனக்கு வேண்டியிருக்கிறது.

ஒன்றை மறைக்க மாட்டேன். அப்பா போய்விட்டார், ஆனால் எனக்கு எல்லாம் லேசாகிவிடவில்லை. இலுப்பையடியை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கிவிட்டார். சம்பா பச்சைப் பசேல் என்று நிற்கிறது. முன்பெல்லாம் எனக்கு அது வெறும் வயல். இப்போது அந்தப் பக்கம் போனால், எப்போதோ வெட்டிப்போட்டு, இருந்த இடம்கூடத் தெரியாத அந்த இலுப்பை மரம் எனக்குத் தெரிகிறது. அதில் கட்டப்பட்டவரும் தெரிகிறார். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அம்மன் அந்தப் பாரத்தை அப்பாவிடமிருந்து இறக்கி என்னிடம் கொடுத்திருக்கிறாள். நான் சுமக்கிறேன். அப்பா சும்மா இருக்கட்டும்.

வேலை போய், கையில் இருக்கிற பணத்தை என்ன செய்வது என்று தெரியாமல் இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் இங்கே யாராவது இருக்கலாம். செத்துப்போனவருக்காகச் செய்கிறேன் என்று கிளம்பியும் இருக்கலாம். அவர் வாயில் உங்கள் ஆசையை வைத்துவிடாதீர்கள். அம்மனிடம் கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். நான் கண்ணையே எடுத்துக்கொள் என்று கேட்டேன். அவளோ எனக்கான பதிலை முன்னாலேயே அனுப்பி, என் வீட்டு அடுப்படியில் நிறுத்தி வைத்திருந்தாள். நான்தான் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்துவிட்டேன்.