பத்திரிகையில் வந்த சட்டை

2005 கோடையில் எங்கள் மரக்காணம் உப்பளத்தில் படம் பிடித்துப் போனது ஒரு பம்பாய் ஃபேஷன் பத்திரிகை. அதன் புது இதழைப் பாண்டிச்சேரியில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உப்பளத்து ஓரம் டீக்கடை வைத்திருந்த எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். அது போதும், அங்கே நான்தான் பண்டிதர்.

கடையில் காத்திருந்தது உப்பு வாரும் அக்கா ஒருத்தி. தன் படம் புத்தகத்தில் வரப்போகிறது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். புக்கு வரட்டும் பார்த்துக்கலாம் என்று உப்பள மேஸ்திரி தினமும் அவளைக் குத்திப் பேசிக்கொண்டிருந்தார்.

உப்பளத்தில் பெண்கள் புடவைமேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள். சுனாமி சமயத்தில் வந்த கேமராக்காரர்கள் தன்னை அந்தக் கோலத்தில் எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்று அக்காவுக்குத் தீராத குறை. அதனால் பம்பாய்க்காரர்கள் வந்த அன்று கல்யாணப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளை மேலும் கீழும் பார்த்தவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். சட்டையை மட்டும் கேட்டு வாங்கி மாடல் பெண்ணுக்கு மாட்டினார்கள். சாயங்காலம் அது சென்ட் வாசனையோடு திரும்பி வந்தது. தூரத்தில் நின்றாலும் படத்தில் விழுந்திருப்போம் என்பது அக்காவின் கணக்கு.

கை கழுவாதவர்கள் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பெஞ்சில் விரித்தேன். வாட்ச் விளம்பரம், கார் விளம்பரம், சென்ட், மறுபடியும் வாட்ச். சோறு போடாமல் அப்பளமாகவே வைத்துக்கொண்டு போகிறான் என்றார் மேஸ்திரி.

நடுவில் எங்கள் உப்புக் குவியல் வந்தது. நாலு நாள் பட்டினி கிடந்தவள் மாதிரி அதன்மேல் சாய்ந்திருந்தாள் அந்த மாடல் பெண். அக்கா படத்தை ஓரம் ஓரமாகத் தேடினாள். பட்டும் இல்லை, பூவும் இல்லை.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "எங்கம்மா உன் படம்?"

அக்கா படத்திலிருந்த சட்டைப் பையின்மேல் விரலை வைத்தாள். பச்சைத் துணியில் சிவப்பு நூலால் அவள் போட்ட தையல் அப்படியே தெரிந்தது. "சட்டை என்னுது. நல்லா பாத்துக்கங்க மேஸ்திரி."

கீழே இருந்த பொடி எழுத்தையும் படிக்கச் சொன்னாள். படித்தேன். அந்தச் சட்டை, கிழிசல் தையல் உட்பட, பம்பாயில் யாரோ பெரிய டிசைனரின் கைவேலையாம்.

அக்கா என் பக்கம் குனிந்தாள். "தம்பி, எங்க வூட்டுக்காரரு காதுல போட்றாத. அப்புறம் சட்டையத் திருப்பிக் கேப்பாரு."

மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு அவள் வேலைக்கு வந்தபோது, மேஸ்திரி வரப்பில் ஒதுங்கி வழிவிட்டார். கிண்டலா மரியாதையா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டாள்.