டிபன் டப்பாவில் ஏறிய வளைவு

காட்பாடியில் ஓவியக் கண்காட்சிக்கு நான் போனது ஏசிக்காக. அங்கே விரல் நுனிகளில் பசை காய்ந்திருந்த ஒரு பெண், தன் டிபன் டப்பாமேல் பேப்பர் டேப்பை ஒட்டி, எதிரேயிருந்த நீல ஓவியத்தின் வளைவை அதில் வரைந்துகொண்டிருந்தார். ஆம்பூர் செருப்புக் கம்பெனியில் பதினைந்து வருடமாக மற்றவர்கள் வரைந்ததைத் தைப்பவராம். திங்கட்கிழமை முதல்முறையாகச் சொந்த டிசைன் காட்ட வேண்டுமாம்.

"படம் புரியுதாம்மா?" என்றேன், ஏதோ எனக்குப் புரிந்துவிட்ட மாதிரி.

"அது இன்னாத்துக்கு சார்? இந்த வளைவுல வார் வெச்சா சுண்டுவிரல கடிக்காது."

திங்கட்கிழமை என்ன ஆனதென்று தெரியாது. ஆனால் இப்போதெல்லாம் பஸ் நிலையத்தில் பெண்களின் செருப்புகளைக் குனிந்து பார்க்கிறேன், அந்த வளைவு எங்காவது நடந்து போகிறதா என்று. ஐம்பது வயதில் ஆபத்தான பழக்கம். ஒருநாள் செருப்படி விழலாம். அந்தச் செருப்பாகவே இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.